பன்னிரண்டு மணிக்கு ஒரு ரயில், தூக்கு மரத்தடியில் ஏழு பேர்

கௌபாய் படம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? தொப்பி, குதிரை, இடுப்பில் துப்பாக்கி, வாயோரம் சுருட்டு, பின்னணியில் ஒரு விசில். நம்மில் பல பேர் கிளின்ட் ஈஸ்ட்வுட்டைத் திரையில் பார்ப்பதற்கு முன்பே டெக்ஸ் வில்லரையும் கேப்டன் டைகரையும் லயன்-முத்து காமிக்ஸில் சந்தித்தவர்கள். சித்தப்பா பரணில் போட்டு வைத்திருந்த பழைய இதழ்களை ஒரு கோடை லீவு முழுக்கப் படித்துத் தீர்த்தவன் என்ற ஒரே தகுதியில்தான் நானும் இதை எழுதுகிறேன்.

அந்தக் கதைகளில் பாதிக்கு மேல் ஒரே அச்சு. எவனோ ஒருவன் ஹீரோவின் குடும்பத்தை அழிக்கிறான். ஹீரோ வருஷக்கணக்கில் தேடுகிறான். கடைசியில் நேருக்கு நேர் நின்று சுடுகிறான். சுபம். நம்ம ஊர் மசாலா படத்துக்கும் இதே அச்சுதான், குதிரைக்குப் பதில் டாடா சுமோ.

ஆனா பழைய ஹாலிவுட் வெஸ்டர்ன்களில் இந்த அச்சுக்குள் உட்கார்ந்துகொண்டே அதைக் கேள்வி கேட்ட சில படங்கள் இருக்கு. பழிவாங்கக் கிளம்புகிறவனுக்கு உண்மையிலேயே துணிச்சல் தேவையா? கோபமே அவனைப் பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்விடாதா? அப்படின்னா துணிச்சல்னு நாம சொல்றது எது, அது யாருக்கு, எந்த நேரத்தில் தேவைப்படுது? அந்தக் கேள்விகளுக்காகவே சில படங்களைப் பார்ப்போம். முன்னாடியே சொல்லிடறேன், கீழே எல்லாப் படத்தோட முடிவும் இருக்கு. ஸ்பாய்லர் பிடிக்காதவங்க படத்தைப் பார்த்துட்டு வாங்க, கட்டுரை எங்கேயும் ஓடிப் போகாது.

முதலில் பழிவாங்கல் ஏன் பார்க்க இவ்வளவு சுகமா இருக்குன்னு பார்த்துடலாம். இதில் மன்னன் இத்தாலிக்காரர் செர்ஜியோ லியோனே. 1965-ல் வந்த 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' படத்தில் லீ வான் கிளீஃப் ஒரு பாக்கெட் கடிகாரம் வைத்திருப்பார். அதே மாதிரி இன்னொரு கடிகாரம் வில்லன் இன்டியோவிடமும் இருக்கும். மூடியைத் திறந்தால் ஒரு மணியோசை இசை. அந்த இசை தேயத் தேய யார் சுடப்போகிறான் என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். வில்லனைக் கொன்ற பிறகு வான் கிளீஃப் பரிசுப் பணத்தில் ஒரு டாலர்கூட எடுக்காமல் குதிரையில் ஏறிப் போய்விடுவார். அவர் வந்தது தங்கைக்காக. 1968-ல் வந்த 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' படத்தில் சார்ல்ஸ் பிரான்சன் ஏன் அந்த மவுத் ஆர்கனை வாசித்துக்கொண்டே திரிகிறார் என்பதை வில்லன் சாகிற நிமிஷம்தான் லியோனே நமக்குக் காட்டுவார். தியேட்டரில் பார்த்திருந்தால் விசில் அடித்திருப்போம்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, இந்தச் சுகத்துக்கு அடியில் ஒரு வசதி ஒளிந்திருக்கு. வில்லன்தான் குற்றவாளி என்பதில் நமக்குச் சந்தேகமே கிடையாது. ஃப்ளாஷ்பேக்கில் நம்ம கண்ணாலேயே பார்த்தாச்சு. அந்த ஃப்ளாஷ்பேக்தான் சாட்சி, இயக்குநரே நீதிபதி. அப்பீலுக்கு இடமே இல்லை. வாழ்க்கையில் எவனுக்கும் இந்த ஃப்ளாஷ்பேக் கிடைப்பதில்லை.

சுவாரசியமான விஷயம், ஹாலிவுட்டில் பழிவாங்கலுக்குச் சட்டமே இருந்தது. 1930-ல் எழுதப்பட்டு 1934-லிருந்து கறாராக அமல்படுத்தப்பட்ட தயாரிப்பு விதிகளை, பொதுவா ஹேஸ் கோட் என்பார்கள். நிகழ்காலத்தில் நடக்கிற கதையில் பழிவாங்குவதை நியாயம் என்று காட்டக் கூடாது என்று அதில் ஒரு விதி. ஆனா நாகரிகம் வளராத இடத்திலும் காலத்திலும், முக்கியமா அந்தக் குற்றத்தைக் கேட்கச் சட்டமே இல்லாத இடத்தில், காட்டினால் பரவாயில்லை என்று ஒரு சந்தும் விட்டிருந்தார்கள். நீதிமன்றம் பத்து நாள் குதிரைப் பயணத்தில் இருக்கிற, ஷெரிஃப் எப்போதும் வேறெங்கோ போயிருக்கிற வெஸ்டர்ன் ஊர்களுக்கு இதைவிட வசதியான சந்து வேண்டுமா? அதனால்தானோ என்னவோ, சட்டம் எங்கே முடிகிறது, தனி மனுஷன் கோபம் எங்கே ஆரம்பிக்கிறது என்ற விவாதம் வேறெந்த வகைப் படத்தையும்விட இதில் அதிகம்.

இப்போ அந்த ஃப்ளாஷ்பேக்கைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்? 1958-ல் ஹென்றி கிங் எடுத்த 'தி பிராவடோஸ்' அதைத்தான் செய்கிறது. கிரெகரி பெக் ஒரு சின்ன ஊருக்குள் வருகிறார். மறுநாள் காலையில் நாலு பேரைத் தூக்கில் போடப் போகிறார்கள், அதைப் பார்க்க வந்திருக்கிறார். தன் மனைவியைக் கெடுத்துக் கொன்றது அந்த நாலு பேர்தான் என்பது அவர் முடிவு. அவர்கள் தப்பித்து ஓடுகிறார்கள், பெக் துரத்துகிறார். பிடிபட்ட ஒவ்வொருவனிடமும் கடிகாரத்துக்குள் இருக்கும் மனைவியின் படத்தை நீட்டுகிறார். ஒவ்வொருவனும் இந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை என்கிறான். பொய் சொல்கிறான் என்று நினைக்கிறார் பெக். நாமும்தான். மூன்று பேர் சாகிறார்கள்.

நாலாவது ஆள் லூஹானின் வீட்டில்தான் உண்மை தெரிகிறது. அவன் வழியில் ஒருவனிடமிருந்து எடுத்த பணப்பை பெக்கின் வீட்டிலிருந்து திருடப்பட்டது. அதை வைத்திருந்தவன் பெக்கின் பக்கத்து வீட்டுக்காரன். அவனையே இவர் நல்லவன் என்று நம்பியிருந்தார். மற்ற மூன்று பேரும் கொள்ளைக்காரர்கள்தான், கொலைகாரர்கள்தான், சட்டப்படியே தூக்குக்குப் போக வேண்டியவர்கள்தான். ஆனா இவர் எந்தக் காரணத்துக்காகக் கொன்றாரோ அந்தத் தப்பை அவர்கள் செய்யவில்லை. பெக் ஊர் திரும்பி நேரா சர்ச்சுக்குப் போய்ப் பாதிரியார் முன் உடைந்து உட்காருகிறார். வெளியே வந்தால் ஊரே கைதட்டுகிறது! அவர்களைப் பொறுத்தவரை இவர் ஹீரோ. எனக்குப் படத்தில் மறக்காமல் நிற்பது இந்தக் கைதட்டல்தான். படம் மொத்தத்தில் சுமார்தான், காதல் பகுதி நல்லாவே இழுக்கும். இந்த ஒரு முடிவுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956) இன்னும் ஒரு படி ஆழம். அண்ணன் குடும்பத்தைக் கொமான்ச்சி பழங்குடியினர் கொன்றுவிட்டு, சின்னப் பெண் டெபியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஜான் வெய்ன் நடித்த ஈதன், வருஷக்கணக்கில் தேடுகிறான். தேடத் தேட நமக்கு மெதுவா ஒரு பயம் பிடிக்கும். இவன் அவளை மீட்கத் தேடவில்லை, கொல்லத் தேடுகிறான். அவர்களோடு வாழ்ந்தவள் இனி தன் ரத்தம் இல்லை என்பது அவன் வெறி. பழி யாருக்காக ஆரம்பித்ததோ அவள்மேலேயே திரும்பிவிட்டது. கொமான்ச்சித் தலைவனுக்கும் தன் ரெண்டு பிள்ளைகளை வெள்ளையர்கள் கொன்ற கணக்கு இருக்கு. ரெண்டு பக்கமும் அதே கணக்கு நோட்டு. (செவ்விந்தியரைப் பழைய வெஸ்டர்ன்கள் காட்டிய விதம் பெரும்பாலும் அநியாயம். இந்தப் படமும் அதிலிருந்து முழுசாத் தப்பவில்லை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

இந்தப் படத்தில் எல்லாரும் பேசுவது ஈதனைப் பற்றி. நான் சொல்ல வந்தது மார்ட்டினைப் பற்றி. அந்தக் குடும்பம் எடுத்து வளர்த்த பையன், உடம்பில் கொஞ்சம் செரோக்கி ரத்தம், அதனாலேயே ஈதனுக்கு அவனைக் கண்டால் ஆகாது. வழி நெடுக ஏச்சும் கேலியும். இருந்தும் கூடவே போகிறான். டெபியைத் தேட மட்டும் இல்லை, ஈதன் அவளைக் கண்டுபிடிக்கும்போது நடுவில் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக. அந்த நிமிஷம் வருகிறது. ஈதன் துப்பாக்கியை உருவ, இவன் அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறான். தன்னை ஆளாக்கிய குடும்பத்தின் பெரியவர், தன்னைவிட நன்றாகச் சுடத் தெரிந்தவர், அவர் எதிரில். கடைசியில் ஈதன் மனம் மாறி அவளைத் தூக்கிக்கொள்கிற காட்சியை உலகமே கொண்டாடுகிறது. மார்ட்டின் அன்று குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால் அந்தக் காட்சிக்கு அவள் உயிரோடு இருந்திருக்க மாட்டாள்.

ஒரு ஆளுக்கு எதிரில் நிற்பதே இப்படி. முப்பது பேருக்கு எதிரில் நின்றால்?

லியோனே படத்தில் சின்னப் பையனைச் சிரித்துக்கொண்டே சுடும் வில்லனாக நடித்தவர் ஹென்றி ஃபோண்டா. அதற்கு 25 வருஷம் முன்னால், 1943-ல், இதே ஃபோண்டா நடித்த படம் 'தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்'. இயக்கம் வில்லியம் வெல்மன். 1940-ல் வந்த வால்டர் வான் டில்பர்க் கிளார்க்கின் நாவல். கதை 1885-ல் நெவாடாவில் நடக்கிறது. கில், ஆர்ட் என்று ரெண்டு மாட்டுக்காரர்கள் ஒரு ஊருக்கு வந்து சலூனில் உட்கார்ந்திருக்கிறார்கள். கின்கெய்ட் என்பவரைச் சுட்டுவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒரு ஆள் ஓடிவந்து சொல்கிறான். கின்கெய்டை ஊரே நேசிக்கும். ஷெரிஃப் ஊரில் இல்லை. துணை ஷெரிஃப் தனக்கு இல்லாத அதிகாரத்தில் எல்லாருக்கும் சத்தியப் பிரமாணம் செய்து வைக்கிறான். டெட்லி என்ற பழைய ராணுவ மேஜர் சீருடை மாட்டிக்கொண்டு தலைமை தாங்குகிறார். கும்பல் கிளம்பிவிட்டது.

இங்கே கில், ஆர்ட் ரெண்டு பேரும் ஏன் சேர்ந்து போகிறார்கள் தெரியுமா? கோபத்தால் இல்லை. வெளியூர்க்காரர்கள். வராமல் நின்றால் நம்ம மேலேயே சந்தேகம் வரும் என்ற பயம். இந்த ஒரு விவரத்தில் படம் என்னைப் பிடித்துவிட்டது. கும்பலில் பாதிப் பேர் இப்படித்தான் வந்திருப்பார்கள் போல.

ராத்திரி ஆக்ஸ்-போ பள்ளத்தாக்கில் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். கின்கெய்டின் மாடுகள் அவர்களிடம் இருக்கின்றன. மார்ட்டின் என்பவன் காசு கொடுத்து வாங்கினேன் என்கிறான், ரசீது இல்லை. இன்னொருவனிடம் கின்கெய்டின் துப்பாக்கி இருக்கிறது, வழியில் கிடந்தது என்கிறான். மூன்றாவது ஆள் வயசாகி நினைவு தடுமாறுகிறவர். சாட்சியங்களை மட்டும் பார்த்தால், உண்மையைச் சொல்லணும்னா, எனக்கும் அவர்கள் மேல்தான் சந்தேகம் வந்தது. படத்தின் சாமர்த்தியம் அதுதான்.

விடியும் வரை பொறுக்கலாம் என்கிறார் மேஜர். விடிந்ததும் ஓட்டெடுப்பு. விசாரணைக்கு ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைப்பவர்கள் தனியாக ஒரு பக்கம் வந்து நில்லுங்கள் என்கிறார்கள். கையைத் தூக்கினால் போதாது, நடந்து போய் நிற்க வேண்டும். அத்தனை பேர் பார்க்க அந்த நாலைந்து அடி நடப்பதை வெல்மன் அவசரப்படாமல் காட்டுவார். கடைக்காரக் கிழவர் டேவிஸ் போகிறார். ஸ்பார்க்ஸ் என்ற கறுப்பினப் போதகர் போகிறார், சின்ன வயதில் தன் சொந்த அண்ணனை ஒரு கும்பல் இப்படித் தொங்கவிட்டதைப் பார்த்தவர். மேஜரின் சொந்த மகன் போகிறான். கில்லும் ஆர்ட்டும் போகிறார்கள். மொத்தம் ஏழு பேர். அவ்வளவுதான்.

மூவரும் தொங்கவிடப்படுகிறார்கள். திரும்பும் வழியில் ஷெரிஃப் எதிரில் வருகிறார். கின்கெய்ட் சாகவே இல்லை. சுட்டவர்கள் வேறு ஆட்கள், பிடித்தாயிற்று.

அதன் பிறகு சலூனில் ஒரு காட்சி. சாவதற்கு முன் மார்ட்டின் மனைவிக்கு எழுதிய கடிதத்தைக் கில் எல்லாருக்கும் படித்துக் காட்டுகிறான். ஆர்ட்டின் தொப்பி விளிம்பு கில்லின் கண்களை மறைத்துக்கொண்டிருக்கும். வாய் மட்டும் தெரியும், குரல் மட்டும் கேட்கும். படிக்கிறவன் முகத்தை நாம் பார்க்க முடியாது, கேட்கிறவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஃபோண்டாவுக்கு இது வெறும் நடிப்பு இல்லை. 1919 செப்டம்பரில் ஒமாஹா நகரில் வில் பிரவுன் என்ற கறுப்பினத் தொழிலாளியை ஒரு பெருங்கும்பல் நீதிமன்றக் கட்டடத்திலிருந்து இழுத்துக் கொன்றது. எதிரே இருந்த அப்பாவின் அச்சகத்திலிருந்து அதைப் பார்த்த பதினான்கு வயதுப் பையன் ஃபோண்டா. பின்னாளில் அவரே சொன்னது.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியே ஆகணும். இல்லைன்னா நான் இந்தப் படத்தைப் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை.

முதல் வருஷம், ஹாஸ்டல். ராத்திரி பதினோரு மணி இருக்கும். எங்க ஃப்ளோரில் ஒருத்தனோட போன் காணோம். புது போன், அவங்க அப்பா தவணையில் வாங்கிக் கொடுத்தது. சாயங்காலம் அந்த ரூம் வாசலில் ஒரு பையனைப் பார்த்ததா யாரோ சொன்னாங்க. யார் சொன்னதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பத்து நிமிஷத்தில் இருபது பேர் அவன் ரூமில். பெட்டியைத் திறக்கச் சொன்னாங்க. அவன் திறந்தான். துணியை ஒவ்வொண்ணா எடுத்துக் கட்டில் மேல் போட்டாங்க. ஊர்லேருந்து அவங்க அம்மா கொடுத்தனுப்பின முறுக்கு டப்பாவைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தாங்க. யாரும் அவனை அடிக்கல. நான் பெட்டியைத் தொடக்கூட இல்லை, பக்கத்தில் நின்னேன். இது தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும். வார்டனைக் கூப்பிடலாம்டான்னு ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னா, "என்னடா, உனக்கும் பங்கா?"ன்னு எவனாவது கேட்டுடுவானோன்னு ஒரு பயம். மறுநாள் காலையில் போன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடைச்சது. அந்தப் பையன் அடுத்த மாசம் ரூம் மாறி வேற பிளாக் போயிட்டான். லேபில் எதிரெதிர் நின்னாலும் எங்ககிட்ட பேச மாட்டான்.

கில்லும் ஆர்ட்டும் ஏன் கூட்டத்தோடு போனாங்கன்னு எனக்கு விளக்கம் தேவைப்படலை.

சரி, இப்போ நம்ம தலைப்பில் இருக்கிற ரயில். 1952, ஃபிரெட் ஜின்னமன் இயக்கிய 'ஹை நூன்'. இந்தப் படத்தில் பழிவாங்க வருகிறவன் வில்லன் என்பதே முதல் வித்தியாசம். ஃபிராங்க் மில்லர் என்ற ரவுடியைப் பிடித்து ஜெயிலுக்கு அனுப்பியவர் ஹேட்லிவில் ஊரின் மார்ஷல் வில் கேன், நடிப்பு கேரி கூப்பர். தூக்கு தண்டனை ஆயுளாகி, ஆயுளும் மன்னிப்பாகி, மில்லர் வெளியே வந்துவிட்டான். பன்னிரண்டு மணி ரயிலில் வருகிறான். அவனுடைய மூன்று ஆட்கள் ஸ்டேஷனில் காத்திருக்கிறார்கள். கேனுக்கோ அன்று காலையில்தான் கல்யாணம். வேலையிலிருந்தும் விலகியாச்சு. புது மார்ஷல் நாளைக்குத்தான் வருகிறார். மனைவி ஏமி (கிரேஸ் கெல்லி) குவேக்கர் மதப்பிரிவு, துப்பாக்கியே ஆகாது. அப்பாவையும் அண்ணனையும் துப்பாக்கிக்குப் பலி கொடுத்தவள்.

வண்டியில் ஏறி ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டு, பாதி வழியில் கேன் திரும்பி வருகிறார். படத்தின் நீளம் 85 நிமிஷம், கதை நடக்கிற நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவேதான். சுவரில் கடிகாரம், மேஜையில் கடிகாரம், பார்க்கிற இடமெல்லாம் கடிகாரம். எக்ஸாம் ஹாலில் கடைசி முக்கால் மணி நேரம் எப்படி இருக்கும், அதேதான்.

அந்த ஒரு மணி நேரத்தில் கேன் செய்கிற வேலை துப்பாக்கி துடைப்பது இல்லை, ஆள் கேட்டு வீடு வீடாகப் போவது. தண்டனை கொடுத்த நீதிபதியே கொடியையும் தராசையும் மூட்டை கட்டிக்கொண்டு குதிரை ஏறுகிறார். நண்பர் ஒருவர் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு, அவர் இல்லை என்று மனைவியைச் சொல்லச் சொல்கிறார். துணை மார்ஷல் தனக்குப் பதவி கிடைக்கவில்லை என்ற கடுப்பில் பேட்ஜைக் கழற்றி வைக்கிறான். ஒருவர் உற்சாகமா வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், திரும்பி வந்து வேறு யாருமே இல்லை என்று தெரிந்ததும் நழுவுகிறார். வருகிறேன் என்று உறுதியாக நிற்பவர்கள் ஒற்றைக் கண் குடிகாரர் ஒருவரும், பதினான்கு வயதுப் பையன் ஒருவனும்தான். கேன் அவர்களை அனுப்பிவிடுகிறார்.

சர்ச் காட்சியை நீங்க கட்டாயம் பார்க்கணும். ஜோனஸ் என்ற ஊர்ப் பெரியவர் எழுந்து கேனை வானளாவப் புகழ்கிறார். இவரைப்போல மார்ஷல் நமக்குக் கிடைத்ததில்லை, இந்த ஊர் இவருக்குக் கடன்பட்டிருக்கிறது, எல்லாம் சரி. பிறகு மெதுவா விஷயத்துக்கு வருகிறார். வடக்கே இருக்கிறவர்கள் நம்ம ஊரில் முதலீடு செய்ய யோசிக்கிறார்கள், கடைகள் வரும், ஃபேக்டரிகள் வரும், இந்த நேரத்தில் தெருவில் துப்பாக்கிச் சண்டை நடந்தால் என்ன நினைப்பார்கள்? அதனால் கேன், நீங்க கிளம்பிடுங்க. கோழைத்தனத்தை இவ்வளவு மரியாதையா, இவ்வளவு நியாயமா யாரும் பேசி நான் கேட்டதில்லை. கேம்பஸ் பிளேஸ்மென்ட் நேரத்தில் எந்தப் பிரச்சினையையும் வெளியே விடாதீங்க என்று சொல்கிற குரலும் ஏறக்குறைய இதே ஸ்வரத்தில்தான் இருக்கும்.

கேன் பயப்படுகிறார். அதைப் படம் மறைக்கவே இல்லை. கூப்பருக்கு அப்போது ஐம்பது வயது, முகம் முழுக்கச் சுருக்கமும் களைப்பும். தனியா ஆபீஸில் உட்கார்ந்து மேஜையில் தலையைச் சாய்த்துக்கொள்வார். பிறகு உயில் எழுதுவார். பன்னிரண்டு அடிக்கும். தெருவில் தனியாக நிற்கும் அவரை விட்டு கேமரா மேலே மேலே போகும். ஊரே காலி. கோபத்தில் இருக்கிறவனுக்கு வேர்க்காது, அவனுக்குச் சாவு ஞாபகமே வராது. இவருக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு, இருந்தும் நிற்கிறார்.

சண்டையில் அவருக்கு உதவி ஒரே ஒரு இடத்திலிருந்து வருகிறது. துப்பாக்கியே ஆகாத ஏமி, ரயிலை விட்டு இறங்கி ஓடி வந்து ஒருவனைச் சுடுகிறாள். அவள் கொள்கை தோற்றுவிட்டதா, இல்லை அதைவிடப் பெரிய எதற்கோ அதை விட்டுக்கொடுத்தாளா? எங்க ரூமில் இதுக்கு இன்னும் முடிவு வரல. எல்லாம் முடிந்ததும் ஊர் ஜனம் எங்கிருந்தோ வந்து கூடுகிறது. கேன் ஒரு வார்த்தை பேசாமல் பேட்ஜைக் கழற்றிப் புழுதியில் போட்டுவிட்டு வண்டியில் ஏறுகிறார்.

இந்தக் கதை எழுதப்பட்ட நேரமும் முக்கியம். திரைக்கதை கார்ல் ஃபோர்மன். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம். 1951-ல் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டது. தெரிந்தவர்கள் பெயரைச் சொன்னால் தப்பிக்கலாம். அவர் சொல்லவில்லை. பழகியவர்கள் விலகினார்கள், பங்குதாரராக இருந்த கம்பெனியிலிருந்து வெளியேற வேண்டி வந்தது, ஹாலிவுட்டில் வேலை கிடையாது, இங்கிலாந்துக்குப் போனார். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) படத்துக்கு அவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தபோது டைட்டிலில் அவர் பெயர் இல்லை. அந்தத் தப்பு திருத்தப்படுவதற்குள் பல வருஷம் ஓடிவிட்டது. கேன் தட்டிய கதவுகள் எல்லாம் ஃபோர்மன் தட்டிப் பார்த்த கதவுகள்.

ஜான் வெய்னுக்கு இந்தப் படம் சுத்தமாப் பிடிக்கவில்லை. அமெரிக்கத்தன்மைக்கே எதிரான படம் என்று பின்னால் பேட்டியில் திட்டினார். வேடிக்கை என்னன்னா, இதே படத்துக்காகக் கூப்பருக்குக் கிடைத்த ஆஸ்கரை, கூப்பர் வர முடியாததால், மேடையேறி வாங்கியவர் வெய்ன்தான்! பிறகு ஹோவர்ட் ஹாக்ஸும் அவரும் சேர்ந்து பதிலடியாக எடுத்தது 'ரியோ பிராவோ' (1959). நல்ல ஷெரிஃப் ஊராரிடம் போய்க் கெஞ்ச மாட்டான் என்பது ஹாக்ஸ் கட்சி. ஜாலியான படம், எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா பாருங்க, அதில் வெய்ன் கேட்காமலேயே ஒரு குடிகாரர், ஒரு கிழவர், ஒரு இளவட்டம், ஒரு பெண் என்று ஆள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். கேட்டும் யாரும் வராத நிலைமையை அந்தப் படம் தொடவே இல்லை. அதனால் பதிலடி எனக்குப் பாதி அடியாத்தான் தெரியுது.

கடைசியா சுருக்கமா ஒண்ணு. டெல்மர் டேவ்ஸின் '3:10 டு யூமா' (1957). 2007-ல் வந்த ரீமேக்கைப் பார்த்திருப்பீங்க, பழசையும் பாருங்க. மழை இல்லாமல் மாடுகள் செத்துக்கொண்டிருக்கிற ஒரு விவசாயி டான், 200 டாலருக்காக பென் வேட் என்ற கொள்ளைக்காரனை ரயிலேற்றிவிட ஒப்புக்கொள்கிறான். ஹோட்டல் அறையில் ரெண்டு பேரும் ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள். வேட் இனிமையா, தணிந்த குரலில் விலை பேசிக்கொண்டே இருக்கிறான். கூடவந்த ஊர்க் குடிகாரனை வேட்டின் ஆட்கள் கொன்று தொங்கவிட்ட பிறகு, கூலி தருவதாகச் சொன்னவரே வந்து, போதும்ப்பா, விட்டுடு, பணம் தந்துடறேன் என்கிறார். இப்போ டானுக்கு நிற்கக் காரணமே இல்லை. பழி இல்லை, பணமும் நின்றால்தான் வரும் என்று இல்லை. அந்தக் குடிகாரன் நின்றானே, நான் அதைவிடக் குறைவா என்று மனைவியிடம் கேட்டுவிட்டுக் கைதியோடு தெருவில் இறங்குகிறான்.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், ஆக்ஸ்-போ 75 நிமிஷம், ஹை நூன் 85 நிமிஷம். ரெண்டும் சேர்ந்தே இப்போ வர்ற ஒரு தமிழ்ப் படத்தோட நீளம்தான். கருப்பு வெள்ளைன்னு ஒதுக்காதீங்க, பத்து நிமிஷத்தில் கண்ணு பழகிடும். ஆக்ஸ்-போவைத் தனியாப் பார்க்க வேண்டாம், ரூமில் நாலு பேரோட பாருங்க. ஓட்டெடுப்பு வரும்போது படத்தை நிறுத்திட்டு, நீ எந்தப் பக்கம் போவேன்னு ஒவ்வொருத்தரையும் கேளுங்க. போன மாசம் நாங்க அப்படித்தான் செய்தோம். ஆறு பேர் இருந்தோம். ஆறு பேருமே யோசிக்காமல் அந்த ஏழு பேர் பக்கம்தான்னு சொன்னோம். அதில் நாலு பேர் அன்னிக்கு ராத்திரி அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்னவங்க.